குளிர்கூடத்தில் பதினான்கு முறை

பதினோராவது முறை. இந்த முறையும் என்னைக் கொன்றது எது என்று தெரியவில்லை. திரை சிவந்தது, கறுத்தது, மறுபடி அதே இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன், கையில் அதே துப்பாக்கி, அதே முப்பது குண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் குளிர்கூடம். ஏதோ ஒரு கோளைச் சுற்றுகிற பனிநிலவு, அதன் அடியில் சுரங்கம், சுரங்கத்துக்காகச் செய்த இயந்திரங்கள் ஒருநாள் தங்களைச் செய்தவர்களையே கொன்றுவிட்டன, மிச்சமிருக்கிற ஒரே ஆள் நான், மூன்று வால்வுகளைத் திருகிவிட்டு மேலே ஏறிப் போகவேண்டும், அவ்வளவுதான் கதை. கதையெல்லாம் யாருக்கு வேண்டும். கூடத்தின் இரு ஓரத்திலும் பனை உயரத்துக்கு உருளைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் இடுக்கிலிருந்து எட்டுக்கால் இயந்திரங்கள் வரும், சுவரில் ஊர்ந்து வரும், கூரையில் தொங்கி வரும், முதல் வால்வைத் திருகிவிடுவேன், இரண்டாவதற்குப் பாதி தூரம் போவேன், எல்லாம் என் கட்டுக்குள் இருப்பதாகத்தான் தோன்றும், எதிரே ஒன்றுமே இருக்காது, அப்போது சாவேன். வெறும் இடத்திலிருந்து சாவு வருவதுபோல. மணி ஒன்றேமுக்கால். மேலே மின்விசிறி சூட்டுக்காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் உப்பளத்திலிருந்து வரும் வெள்ளை வெயில் கண்ணைக் குத்தும் என்று சாத்தி வைத்திருக்கிறேன், முதுகில் பனியன் ஒட்டுகிறது, திரையில் மட்டும் பனி. மூன்றே முக்காலுக்கு மகள் ஷெரினுக்குப் பள்ளிக்கூடம் விடும், மூன்றரைக்குப் பைக்கை எடுத்தால் போதும், அதற்குள் இந்தக் கூடத்தைத் தாண்டிவிடவேண்டும். தாண்டினால் என்ன ஆகப்போகிறது. ஒன்றும் ஆகாது. ஆனால் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவனின் கை இது, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் இரண்டு திசையில் அசைத்து, நூற்று முப்பது அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து எடுத்த இருபது டன் பெட்டியைக் கீழே நிற்கும் லாரியின் மேல் முட்டைபோல வைக்கிற கை. துறைமுகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம், ஜெரோம் அண்ணன் வைக்கிறதப் பாத்துக்க என்று சொல்வார்கள். அந்தக் கை ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பதினோரு முறை தோற்கிறது என்றால் கையில் ஏதோ கோளாறு, அல்லது விளையாட்டில் ஏதோ களவாணித்தனம்.

இதை இரண்டு பேர் ஆடுவதற்கென்று செய்திருக்கிறார்கள். தனியாக ஆடினாலும் வருகிற இயந்திரங்களின் எண்ணிக்கை குறையாது, அதுதான் கஷ்டம். போன மாதம்வரை வேல்சாமி கூட ஆடினான், அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில், காதில் ஹெட்போன். வேல்சாமி என்னோடு ஒரே ஷிப்டில் பக்கத்துக் கிரேன் ஓட்டுகிறவன், பன்னிரண்டு வருடச் சிநேகம், மாப்ள என்றுதான் கூப்பிடுவான், ஷெரினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று வாசலில் நின்று எல்லோருக்கும் சர்பத் ஊற்றியவன். ஏழாம் கட்டம், எட்டாம் கட்டம் எல்லாம் சேர்ந்துதான் முடித்தோம். "மாப்ள, ஒம் பக்கம் ஒண்ணு வருது பாரு. ஏ, பாருலே. என்னத்தப் பாக்க நீ?" என்று கத்துவான், கத்திவிட்டு அவனே சுட்டுவிடுவான். இப்போது ஹெட்போனில் யாரும் இல்லை. இயந்திரங்களின் கால் இரும்பில் உரசுகிற சத்தமும் என் விளையாட்டு ஆளின் மூச்சும்தான். தலைக்கவசத்துக்குள் மூச்சு விடுகிற சத்தத்தை இவ்வளவு பெரிதாக ஏன் வைத்தார்கள், அது என் மூச்சு மாதிரியே இருக்கிறது, சில சமயம் நான் மூச்சை அடக்கினால் அதுவும் அடங்கிவிடுமோ என்று பார்க்கிறேன். பன்னிரண்டாவது முறை. கதவு திறக்கிறது. முதல் தொட்டி, இரண்டாவது தொட்டி, கூரையில் ஒன்று, விழுந்தது, எதிரே இரண்டு, விழுந்தன, முதல் வால்வு. கை சரியாகத்தான் இருக்கிறது. பாதித் தூரம். எதிரே ஒன்றும் இல்லை. நில், இங்கேதான், இங்கேதான் ஒவ்வொரு முறையும், நின்று குறியை நடுவில் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை, காலி, சுத்தமாகக் காலி. சிவந்தது. கறுத்தது.

காலியாகத்தான் இருந்தது. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். பன்னிரண்டு நாளாயிற்று. காலை பத்து மணி இருக்கும், கப்பலில் கடைசி வரிசை, பெட்டியைப் பிடித்துத் தூக்கி, கரைப்பக்கம் கொண்டுவந்து, இறக்கத் தொடங்கியிருந்தேன். கிரேனின் கேபினில் காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான், குனிந்தபடி உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கு நடுவே தரையைப் பார்க்கவேண்டும், லாரி தீப்பெட்டி அளவு தெரியும், ஆட்கள் அரிசி அளவு. லாரிக்கு இடப்பக்கம் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், பெட்டியின் பூட்டுகளைக் கழற்றுகிற ஆட்கள் அந்தக் கோட்டுக்குள் நிற்கவேண்டும், நின்றால் அவர்களுக்குப் பாதுகாப்பு. கோட்டுக்குள் யாரும் இல்லை. நான் பார்த்தேன். யாரும் இல்லாததால்தான் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி இறக்கினேன், காற்று அடித்துக்கொண்டிருந்தது, வலப்பக்கம் இன்னொரு லாரி நின்றது. வாக்கிடாக்கியில் நிறுத்து நிறுத்து என்று யாரோ அலறினார்கள், நிறுத்தினேன், பெட்டி ஒருமுறை ஆடி, கோட்டருகே இருந்த இரும்புக் கம்பத்தை இடித்து வளைத்தது. கம்பத்துக்கும் பூட்டுக் கழற்றுகிற சுடலைமணிக்கும் நடுவில் ஒன்றரை அடி. பின்னால் குதித்ததில் விழுந்து முழங்கால் சில்லு பெயர்ந்துவிட்டது அவனுக்கு. நான் இறங்கி வந்தபோது அவனைத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வயது, அதிகம் பேசாத ஆள், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "அண்ணே, நான் கோட்டுக்குள்ளதாம்ணே நின்னேன்" என்றான். நான் கத்தினேன். பயத்தை மறைக்கத்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். "நான் மேலருந்து பாத்தேம்பா. கோட்டுக்குள்ள ஒருத்தரும் கெடையாது. நீ வெளிய எங்கயோ நின்னுட்டு ஓடி வந்திருக்க" என்றேன். சூப்பர்வைசர் எழுதித் தரச்சொன்னார். எழுதினேன். உறுதியாகப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாதவன் எழுதியது, ஒப்பந்தத் தொழிலாளி சொன்னது, இரண்டில் எதை எடுப்பார்கள். அந்த மூலைக்குக் கேமராவும் இல்லை. மறுநாளிலிருந்து சுடலைமணியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் வேல்சாமி போன் செய்தான். சுடலைமணி அவன் ஊர்க்காரன், அவன்தான் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவன். "மாப்ள, அவன் பொய் சொல்ல மாட்டான்." "அப்ப நான் பொய் சொல்லுதனா?" "நீயும் சொல்ல மாட்ட. அதான் எனக்கு வெளங்கல." "வெளங்கலன்னா விட்டுரு." விட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஷிப்டு மாறும்போது ஏணிப்படியில் எதிரெதிரே வந்தால்கூட ஒதுங்கிப் போகிறான். நானும் ஒதுங்குகிறேன். தப்பு செய்யாதவன் ஏன் ஒதுங்கவேண்டும், நின்று முகத்தைப் பார்க்கவேண்டியதுதானே, ஆனால் ஒதுங்குகிறேன்.

பதின்மூன்று. இந்தத் தடவை ஓடுவோம், நிற்காமல் ஓடிப் பார்ப்போம். இன்னொரு எரிச்சல், அந்த ராடார் வட்டம். முன்பெல்லாம் திரையின் கீழ்மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், இயந்திரங்கள் கிட்டே வந்தால் அதில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அது இருந்தால் போதும், எது எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்துவிடலாம். போன மாதம் ஏதோ அப்டேட் இறங்கியது, அன்றிலிருந்து அந்த வட்டத்தைக் காணோம். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன், ஆன் என்றுதான் காட்டுகிறது, ஆனால் திரையில் இல்லை. உலகத்தில் எதையாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நோண்டாமல் விடமாட்டார்கள். செய்தித்தாள்கூட அப்படித்தான் ஆகிவிட்டது, வரிகள் பாதியில் தொடங்குகின்றன, என்னத்தைத்தான் அச்சடிக்கிறார்களோ, ஒரே வரியை இரண்டு முறை படித்தால்தான் அர்த்தம் வருகிறது. வயது நாற்பத்தைந்து ஆகிறது, கண்ணாடி போடவேண்டியிருக்கலாம் என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. ஸ்டெல்லா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள், அதனால் வீட்டில் பாதி டாக்டர். கண்ணாடி எதற்கு, கடலில் நிற்கிற கப்பலின் பெயரை மொட்டைமாடியிலிருந்து படிப்பேன். அவளுக்கு இப்போதெல்லாம் எதிலாவது குறை சொல்லவேண்டும். முந்தாநாள் சாப்பிட்டு எழுந்தபோது, "மீனு புடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதான, தட்டுல அப்பிடியே ஒதுக்கி வச்சிட்டுப் போறீய" என்றாள். எந்த மீன்? தட்டில் மீனே இல்லையே. இருந்தது என்றாள். திரும்பி வந்து பார்த்தால் இருந்தது, சீலா மீன் துண்டு இரண்டு, தொடப்படாமல். எங்கோ யோசனையாக இருந்திருப்பேன். சுடலைமணி விவகாரத்துக்குப் பிறகு யோசனை அதிகம்தான். இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே ஏதோ சரியில்லை, அந்தத் தலைவலி வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. ஐந்து வாரம் இருக்குமா. பூசைக்குப் போய்விட்டு வெயிலில் நடந்து வந்தோம், வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னந்தலையில் யாரோ செங்கல்லால் போட்டதுபோல ஒரு வலி, வாந்தி, கண்ணில் வெள்ளிப்பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள் ஸ்டெல்லா, வெயில்தான், பித்தம்தான் என்றேன், எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினேன், எழுந்தபோது வலி போயிருந்தது. ஆனால் அன்றிலிருந்து வீடு கொஞ்சம் குறுகிவிட்டது மாதிரி. நிலைக்கதவில் தோள் இடிக்கிறது. பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிற வீட்டின் நிலைக்கதவு.

சிவந்தது, கறுத்தது. ஓடினாலும் அதேதான். பதினான்காவது முறை. வால்வு, பாதித் தூரம். கண்ட்ரோலரைப் பிடித்திருக்கிற விரல் நுனியெல்லாம் ஈரம். வெறும் விளையாட்டுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளக்கூடாது, ஆனால் அந்தக் காலி இடத்தை நெருங்கும்போதெல்லாம் அடித்துக்கொள்கிறது, அரிசி அளவு ஆட்கள், மஞ்சள் கோடு, காலி. அப்போது போன் அடித்தது. எங்கே வைத்தேன். சத்தம் மட்டும் கேட்கிறது, சோபாவில் இல்லை, ஸ்டூலில் இல்லை. சத்தத்தைத் தேடித் தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பினேன், போன் டிவி வைத்திருக்கிற பலகையின் இடது ஓரத்தில் கிடந்தது, கிடந்த இடத்துக்கு நேர் மேலே, திரையின் இடது கீழ்மூலையில், பச்சையாக, வட்டமாக, அந்த ராடார்.

அது அங்கேயே இருந்தது. அதில் ஐந்து சிவப்புப் புள்ளிகள் எனக்கு இடப்பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை சிவந்தது. போன் அடித்து நின்றுபோயிற்று. நான் தலையை மெதுவாக நேரே கொண்டுவந்தேன். ராடார் போய்விட்டது. அணைந்து போகவில்லை, மறைந்து போகவில்லை, எப்படிச் சொல்வது, அந்த இடமே போய்விட்டது, போனது தெரியாதபடி போய்விட்டது. மறுபடி இடப்பக்கம் திருப்பினேன். இருந்தது. நேரே. இல்லை. ஆறேழு முறை செய்தேன், வேண்டாம் வேண்டாம் என்கிறவனைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பிறகு கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் ஒரு தேதியைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்தேன். வலக்கை விரல்கள் அசைவது தெரிந்தது. இடக்கை விரல்கள் அசைவது தெரியவில்லை, அசைகின்றன என்று கைக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கையை முன்னால் கொண்டுவந்தேன், இன்னும் கொண்டுவந்தேன், மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் ஒரு கட்டைவிரல் எங்கிருந்தோ பிறந்து வந்தது. இடது கண்தான் கெட்டுப்போயிருக்கிறது, ஒரு கண்தானே, ஒரு கண்ணுக்கு மருந்து போடலாம் என்று ஒரு ஆசை. வலக்கண்ணைப் பொத்தினேன். இடது கண்ணால் காலண்டர் தெரிந்தது, பளிச்சென்று, குறிவைத்த தேதி தெரிந்தது, ஆனால் அதற்கு இடப்பக்கத்துத் தேதிகள் இல்லை. இடது கண்ணைப் பொத்தினேன். வலக்கண்ணாலும் அதேதான், அதே இடம் இல்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. கெட்டுப்போனது கண் இல்லை. அது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பின்னந்தலை, செங்கல் விழுந்த இடம், கையால் அங்கே தொட்டுப் பார்த்தேன், முடிதான் இருந்தது, வேர்வைதான் இருந்தது. இருட்டாகத் தெரிந்தாலாவது பயந்திருப்பேனே. குருடு என்றால் கறுப்பு என்றுதானே நினைத்திருந்தேன். இது கறுப்பே இல்லை, இது ஒன்றுமே இல்லை, முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வோம், அந்த மாதிரி. பாதி உலகத்தை எடுத்துவிட்டு, எடுத்த தடம் தெரியாமல் மிச்சத்தை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

மணி மூன்று. யோசிக்காதே. யோசிக்காமல் இருப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது, மறுபடி கண்ட்ரோலரை எடுத்தேன். பதினைந்தாவது முறை. இந்தத் தடவை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை தலையை இடப்பக்கம் வெட்டித் திருப்பினேன், திருப்பி, நேரே, திருப்பி, நேரே, கோழி தீனி பொறுக்குவதுபோல. தொட்டிகளுக்கு இடுக்கில் அவை வரிசையாக நின்றன. இத்தனை நேரமும் அங்கேதான் நின்றிருக்கின்றன, சுவரை ஒட்டி, அவசரமே இல்லாமல். சுட்டேன். ஒவ்வொன்றாகச் சுட்டேன். இரண்டாவது வால்வு. மூன்றாவது. கூரை திறந்து, மேலே ஏறுகிற இரும்புப் படி இறங்கி வந்தது, நீல வெளிச்சம் விழுந்தது, கட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது, தலையைத் திருப்பினால்தான் எழுத்தின் முதல் பாதி தெரிந்தது. ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, அதற்குப் பதில் மோசமான ஒன்று வந்தது. முடியும் என்று ஒரு குரல். பார்த்தாயா, தலையைத் திருப்பினால் போதும், பழகிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறைதான் கண் பரிசோதனை, இந்த வருடத்தது தை மாதமே முடிந்துவிட்டது, அதிலும் எழுத்தைத்தான் படிக்கச் சொல்வார்கள், எழுத்து எனக்கு நன்றாகத் தெரிகிறது. நாளைக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. கேபினில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன், தலையை எத்தனை முறை திருப்புகிறேன் என்று யார் எண்ணப்போகிறார்கள். ஷெரின் பத்தாம் வகுப்பு தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம். இப்போது ஆறாம் வகுப்பு. நாலே வருடம். குரல் நியாயமாகத்தான் பேசியது, வேல்சாமி குரலைப்போலக் கூடக் கொஞ்சம் இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனால் பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், தினமும் போகிற வழி. இன்று காலையில்கூடப் போனேனே. பெரிய சாலைச் சந்திப்பில் ஒரு ஆட்டோக்காரன் உரசுகிற மாதிரி வந்து, "யோவ், கண்ணு தெரியலயா?" என்று கத்தினான், நானும் கத்தினேன், நீதான்யா எங்கருந்தோ பாஞ்சு வார என்று கத்தினேன். எங்கிருந்தோ. பின்னால் உட்கார்ந்திருக்கிற என் மகள் ஒரு மாதமாக என் இடது தோளைத் தட்டிக்கொண்டே வருகிறாள், விளையாட்டுக்குத் தட்டுகிறாள் என்று நினைத்தேன், அப்பா லாரி, அப்பா மாடு, அப்பா பஸ்ஸு. பதினொரு வயதுப் பிள்ளை, எனக்கே தெரியாததைத் தெரிந்துகொண்டு, அப்பா கோபப்படுவார் என்று வாய் திறந்து சொல்லாமல், தினமும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாவியைத் திருப்ப முடியவில்லை. கை திருப்பத்தான் பார்த்தது. வெயிலில் பைக்கின் இருக்கை தொடையைச் சுட்டது, சுடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், தரையில் என் நிழலும் பைக்கின் நிழலும் ஒன்றாகக் கிடந்தன. மஞ்சள் கோட்டுக்குள் யாரும் இல்லை. உறுதியாகப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை, அதுதான் வினை, பொய் சொல்லியிருந்தால் பன்னிரண்டு நாளில் ஒரு ராத்திரியாவது உறுத்தித் தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்து அதைத் திருப்பி வாங்கியிருப்பேன். நான் உண்மையைத்தான் சொன்னேன், அந்த உண்மைக்குப் பாதி உலகம் கிடையாது. அவன் நின்றிருக்கிறான். கோட்டுக்குள், நிற்கவேண்டிய இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு, மேலே அண்ணன் இருக்கிறார் என்ற தைரியத்தில். இருபது டன்னை நான் அவன் தலைமேல் இறக்கினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று, அதற்குப் பிறகும் ஒன்பது ஷிப்டு போயிருக்கிறேன். ஒன்பது ஷிப்டிலும் கீழே ஆட்கள் நின்றிருப்பார்கள்.

சாவியை உருவிக்கொண்டு படியேறி மேலே வந்தேன். போனைப் பார்த்தால் ஸ்டெல்லா இரண்டு முறை அடித்திருந்தாள், விளையாடும்போது அடித்து நின்றதும் அவளுடைய அழைப்புதான். கூப்பிட்டேன்.

"எங்க போனீய? சாப்டீயளான்னு கேக்கத்தான் அடிச்சேன். கிளம்பிட்டீயளா?"

"கிளம்பல. நான் பைக் ஓட்டக்கூடாது ஸ்டெல்லா."

"ஏன், வண்டிக்கு என்ன?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்கு இடதுபக்கம் தெரியல. ரெண்டு கண்ணுலயும். அந்தத் தலைவலி வந்ததுலருந்தே தெரியல போல. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

அவளுக்குப் பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம், யாரோ அக்கா என்று கூப்பிடுகிற சத்தம். அந்த மீனை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, நிலைக்கதவை நினைக்கிறாள், செய்தித்தாளை நினைக்கிறாள், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறாள்.

"கை கால் நல்லா இருக்கா? வாய் கோணுதா? கண்ணாடில பாருங்க."

"அதெல்லாம் நல்லா இருக்கு."

"அன்னைக்கே உங்கள இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள், என்னிடம் சொல்லவில்லை. பிறகு அவளுடைய வேலைக் குரல் வந்தது, ஊசி குத்தும்போது பிள்ளைகளிடம் பேசுகிற குரல். "நீங்க உக்காருங்க. படி எறங்காதீய. நான் ஆட்டோ புடிச்சு ஷெரினக் கூட்டிக்கிட்டு வாரேன், நேரா ஆஸ்பத்திரிதான். கேக்குதா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் வர அரைமணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னென்னவோ ஆரம்பித்துவிடும், ஸ்கேன் என்பார்கள், படு என்பார்கள், அதற்குள் நல்லவனாகிவிடலாம், நோயாளியிடம் யார் கணக்குக் கேட்பார்கள், பாவம் ஜெரோம் என்பார்கள், சுடலைமணி விவகாரம் அந்தப் பாவத்துக்கு அடியில் போய்விடும். போகவிடலாம். போனில் அவன் பெயர் எஸ் எழுத்தில் கீழே இருந்தது. சூப்பர்வைசருக்குத்தான் முதலில் சொல்லவேண்டும், முறைப்படி எழுதிக் கொடுக்கவேண்டும், நாளைக்கு எழுதுவேன், இன்றைக்கே எழுதுவேன். ஆனால் விரல் அந்தப் பெயரில்தான் நின்றது, எடுக்கமாட்டான் என்று ஒரு ஆசை இருந்தது, நாலாவது மணியில் எடுத்தான்.

"அண்ணே" என்றான். கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சுடல, முழங்கால் எப்பிடி இருக்கு?"

"பரவால்லண்ணே. மடக்கத்தான் கொஞ்சம் வலிக்கி."

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ கோட்டுக்குள்ளதான் நின்ன. எனக்குத்தான் தெரியல. எனக்குக் கண்ணுல, இல்ல, தலையில ஏதோ ஆயிருக்கு, இடதுபக்கம் ஒண்ணுமே தெரியல, அது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நான் எழுதிக் குடுத்தது தப்பு. அதத் திருப்பி எழுதிக் குடுக்கப் போறேன். வேல்சாமிகிட்டயும் சொல்லுதேன்."

கெட்ட வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன், சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் மூச்சுவிடுவது கேட்டது.

"அப்ப நான் சரியாத்தான் நின்னனாண்ணே?"

"சரியாத்தான் நின்ன."

"கோட்டுக்குள்ள?"

"கோட்டுக்குள்ளதான் சுடல."

"இல்லண்ணே, நீங்க மேலருந்து பாத்தேன்னு சொன்னீயளா, நீங்க பொய் சொல்ல மாட்டீயன்னு எனக்குத் தெரியும். அதான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பீடி குடிக்க வெளிய வந்திருப்பனோ, மறந்துட்டனோன்னு. படுத்தா காலு எங்க இருந்துச்சுன்னே தெரிய மாட்டேங்கு. எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், நான்தான் தப்பா நின்னுட்டேன் போலன்னு. அன்னையிலருந்து அவ எங்கயும் வேலைக்குப் போவாதன்னு அழுதுகிட்டுக் கெடக்கா, இப்பிடி நெனவு தவறுத ஆளு எங்கயாவது செத்துப் போயிருவன்னு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்ணே, இருக்கீயளா? ஒரு நிமிசம் அப்பிடியே இருங்க, வச்சிராதீய. அவ பின்னால துணி தொவைக்கா, அவகிட்டக் குடுக்கேன். எங்கிட்டச் சொன்னத அவகிட்டயும் ஒருக்கச் சொல்லிருங்க."

அவன் நடப்பது கேட்டது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. தண்ணீர் விழுகிற சத்தம் கிட்டே வந்தது. "ஏட்டி, கையத் தொட, இங்க வா, சீக்கிரம் வா" என்று அவன் கூப்பிடுகிறான், குரல் உடைந்து சின்னப் பிள்ளையின் குரல்போல ஆகிவிட்டது, அவள் என்ன என்ன என்று பதறிக்கொண்டு வருகிறாள், நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, காத்திருக்கிறேன்.